தொழிற்கூட ஆங்கிலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, தொழிற்சாலையில் புழங்கும் ஆங்கிலத்தைப் பற்றியவை. எனவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத் தொடர்களை ஒலிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்துப் பழகுவது நல்லது.

கேள்வி: பல ஆண்டுகளாக இயந்திர ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். தொழிற்சாலை தொடர்பான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் வெளிநாட்டுப் பொறியாளர் வந்து நின்று, என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒரு வாக்கியம்கூட வாயில் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் மனப்பாடம் செய்த பட்டியலில் பெரும்பகுதி உங்களுக்கு முன்பே தெரிந்ததாகத்தான் இருக்கும். மோட்டார், பெல்ட், வால்வு, பேரிங், ஃபியூஸ், ஷிஃப்ட், ஓவர்டைம் என்று தமிழில் பேசும்போதே நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் இல்லாதவை வினைச்சொற்கள். தமிழில் பேசும்போது ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லைப் பிடித்து, அதனுடன் 'ஆகிவிட்டது', 'போய்விட்டது', 'போட்டான்' என்று ஏதேனும் ஒன்றை ஒட்டி எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்திலோ ஒவ்வொரு பாகமும் கெட்டுப்போவதற்கு அதற்கே உரிய வினை இருக்கிறது. அந்த வினை கையில் இல்லாதபோதுதான் வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

முதலில் 'ரிப்பேர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'மெஷின் ரிப்பேர்' என்றால் நமக்கு அது பழுதாகிக் கிடக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் 'ரிப்பேர்' என்பது பழுதைச் சரிசெய்யும் செயலைக் குறிக்கும். 'தி மெஷின் இஸ் அண்டர் ரிப்பேர்' என்று நீங்கள் சொன்னால், யாரோ அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவர் நிம்மதியாகப் போய்விடுவார். ஃபிட்டர் இன்னும் வந்தே சேரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் சொல்ல வேண்டியது 'தி மெஷின் ஹேஸ் புரோக்கன் டவுன்' அல்லது, இன்னும் சுருக்கமாக, 'தி மெஷின் இஸ் டவுன்'. அது மறுபடி ஓடத் தொடங்கியதும் 'இட் இஸ் அப் அண்ட் ரன்னிங் அகெய்ன்' என்று சொல்லலாம்.

இனிப் பாகம் பாகமாகப் பாருங்கள். ஃபியூஸ் போனால் 'தி ஃபியூஸ் ஹேஸ் புளோன்'. மோட்டார் எரிந்துபோனால் 'தி மோட்டார் ஹேஸ் பர்ன்ட் அவுட்'. பேரிங் இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டால் 'தி பேரிங் ஹேஸ் ஸீஸ்டு'. பெல்ட் அறுந்தால் 'தி பெல்ட் ஹேஸ் ஸ்னாப்டு'. இங்கே 'பெல்ட் கட் ஆகிவிட்டது' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால், யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்ற பொருள் வந்துவிடும். பொருள் சிக்கி நின்றால் 'ஜாம்டு', மரை தேய்ந்து பிடிக்காமல் போனால் 'ஸ்ட்ரிப்டு', நாள்பட்ட உழைப்பால் தேய்ந்தால் 'வோர்ன் அவுட்'. பிரேக்கர் மட்டும் நமக்கு வேலை வைப்பதில்லை. 'ட்ரிப் ஆகிவிட்டது' என்பது 'தி பிரேக்கர் ஹேஸ் ட்ரிப்டு' என்று நேராகவே பொருந்திவிடும். 'மெஷின் ஓடுகிறது' என்பதும் அப்படித்தான்: 'இட் இஸ் ரன்னிங்'.

இதைவிடப் பயனுள்ளது ஒலிகளின் பெயர். பழுதைக் கண்டுபிடிக்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, எப்படிச் சத்தம் வருகிறது என்பதுதான். அதற்கு 'நாய்ஸ் கமிங்' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் இணையான ஆங்கில வினையைச் சேர்த்துக்கொண்டால் போதும். கடகடவென்று ஆடினால் 'ராட்டிலிங்'. கிரீச்சென்று கத்தினால் 'ஸ்க்வீலிங்'. உலோகத்தோடு உலோகம் நறநறவென்று அரைபட்டால் 'கிரைண்டிங்'. காற்றோ நீராவியோ உஸ்ஸென்று கசிந்தால் 'ஹிஸ்ஸிங்'. ஒரே சீராக ரீங்கரித்தால் 'ஹம்மிங்'. விட்டுவிட்டு டக் டக்கென்று அடித்தால் 'நாக்கிங்'. 'இட் இஸ் ஸ்க்வீலிங் ஆன் ஸ்டார்ட்-அப்' என்று ஒருவர் சொன்னால், கேட்கும் பராமரிப்பாளரின் கவனம் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதை நோக்கித்தான் முதலில் போகும். ஒரு சொல்லால் அவருடைய தேடல் பாதியாகக் குறைகிறது. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் இயந்திரத்தில் இதுவரை வந்த பழுதுகளை மட்டும் இப்படி முழு வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள்; அந்த வாக்கியங்கள்தான் உங்களுக்கு வேண்டிய பாடம்.

கேள்வி: 'பிரேக்டவுன்', 'ஷட்டவுன்', 'லாக்கவுட்' மூன்றும் நின்றுபோவதைத்தானே குறிக்கின்றன?

பதில்: தானாக நிற்பது பிரேக்டவுன், நாமாகத் திட்டமிட்டு நிறுத்துவது ஷட்டவுன். லாக்கவுட்டுக்கு இரண்டு பொருள் உண்டு. செய்தித்தாளில் அது, தொழில் தகராறில் நிர்வாகம் செய்யும் கதவடைப்பு. பராமரிப்புப் பிரிவில் அது பாதுகாப்பு நடைமுறை: இயந்திரத்திற்குள் கைவைப்பதற்கு முன் மின்சாரம், காற்றழுத்தம் முதலியவற்றைத் துண்டித்து, யாரும் தவறுதலாக மீண்டும் இயக்கிவிடாதபடி பூட்டுப் போடுவது, பூட்டியவர் யார் என்று அட்டை கட்டுவது 'டேகவுட்'. 'இஸ் இட் லாக்டு அவுட்?' என்று கேட்கப்பட்டால் நீங்களே நேரில் சோதித்துப் பார்த்த பிறகே 'யெஸ்' என்று சொல்ல வேண்டும். பணியிடத்தில் வேறு எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் திருத்திக்கொள்ளலாம். இதில் மட்டும் அந்த வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: எஃபிஷியன்சி, புரொடக்டிவிட்டி, யூட்டிலைசேஷன், எஃபெக்டிவ்னெஸ் ஆகிய நான்கையும் எங்கள் மேலாளர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார். நான் குறிப்பெடுக்கும் ஆயத்த ஆடைப் பிரிவில் நாள்தோறும் 'எஃபிஷியன்சி' எழுத வேண்டியிருக்கிறது. வேறுபாட்டை விளக்க வேண்டும்.

பதில்: அகராதியில் தேடினால் நான்கும் 'திறன்' என்பதைச் சுற்றியே வரும்; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றையும் ஒரு பின்னமாக, அதாவது மேலே என்ன, கீழே என்ன என்று நினைவில் வைப்பதே சிறந்த வழி. புரொடக்டிவிட்டியில் மேலே உற்பத்தி, கீழே அதற்குச் செலவான ஆளோ நேரமோ. ஆகவே விடை 'ஓர் ஆளுக்கு இத்தனை பீஸ்' என்று அலகோடு வரும். எஃபிஷியன்சியில் மேலே நடந்தது, கீழே நடந்திருக்க வேண்டியது. ஆகவே விடை சதவீதமாக வரும். யூட்டிலைசேஷனில் மேலே இயந்திரம் ஓடிய நேரம், கீழே ஓடுவதற்கு இருந்த நேரம். எஃபெக்டிவ்னெஸ் பொதுப்பேச்சில், செய்த வேலை நோக்கத்தை நிறைவேற்றியதா என்பதைக் குறிக்கும். யாரும் கேட்காத அளவுச் சட்டையை வேகமாகத் தைத்துக் குவித்தால் எஃபிஷியன்சி உயரும், எஃபெக்டிவ்னெஸ் உயராது.

உங்கள் பிரிவையே எடுத்துக்கொள்வோம். ஒரு சட்டைக்கு நிர்ணயித்த நேரம், நீங்கள் 'சாம்' என்று சொல்லும் ஸ்டாண்டர்ட் அலவுடு மினிட், 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் 480 நிமிடம் வேலை பார்த்தால் கையில் இருந்தது 9,600 நிமிடம். 560 சட்டை முடிந்தால் ஈட்டியது 6,720 நிமிடம். எஃபிஷியன்சி 70 சதவீதம். புரொடக்டிவிட்டி ஆளுக்கு 28 சட்டை. மறுநாள் சாம் 6 ஆக உள்ள எளிய சட்டை வந்து, ஆளுக்கு 50 சட்டை முடிந்தால் புரொடக்டிவிட்டி ஏறியிருக்கும். ஆனால் எஃபிஷியன்சி 62.5 சதவீதமாக இறங்கியிருக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடியவை என்பதால்தான் மேலாளர் அவற்றை மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

எழுதும்போது முன்னிடைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'இன்க்ரீஸ்டு டு 75' என்றால் 75-ஐத் தொட்டது. 'இன்க்ரீஸ்டு பை 5' என்றால் 5 கூடியது. அந்த ஐந்திலும் ஒரு வழுக்கல் உண்டு. 70-லிருந்து 75-க்குப் போனால் அது '5 பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்'; '5 பர்சன்ட்' உயர்வு என்றால் கணக்குப்படி 73.5 தான். அறிக்கை மேலிடத்திற்குப் போகிறது என்றால் 'ஃப்ரம் 70 டு 75' என்று இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள், வாக்குவாதத்திற்கு இடமிருக்காது.

கேள்வி: ஓ.இ.இ. என்பதும் எஃபிஷியன்சிதானே? அதில் உள்ள இரண்டாவது 'இ' எதைக் குறிக்கிறது?

பதில்: ஓவரால் எக்விப்மென்ட் எஃபெக்டிவ்னெஸ் என்பதன் சுருக்கம் அது, முதல் 'இ' எக்விப்மென்ட், இரண்டாவது எஃபெக்டிவ்னெஸ். பலர் அதை எஃபிஷியன்சி என்று விரித்துச் சொல்கிறார்கள், நேர்காணலில் சொல்லாதீர்கள். டி.பி.எம். என்னும் முழுமையான உற்பத்திப் பராமரிப்பு முறையை வகுத்த ஜப்பானியர் செய்ச்சி நகாஜிமாவின் பெயரோடு இந்த அளவுகோல் இணைத்துச் சொல்லப்படுகிறது. அது மூன்று பின்னங்களின் பெருக்கல்: அவெய்லபிலிட்டி, பெர்ஃபார்மன்ஸ், குவாலிட்டி.

480 நிமிட ஷிஃப்டில் உணவு இடைவேளை 30 நிமிடம் போக, ஓட வேண்டிய நேரம் 450 நிமிடம். பெல்ட் அறுந்து 45 நிமிடம் நின்றது, ஓடியது 405. அவெய்லபிலிட்டி 90 சதவீதம். ஒரு பீஸுக்கு 27 விநாடி என்ற வேகத்தில் அந்த 405 நிமிடத்தில் 900 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 720. பெர்ஃபார்மன்ஸ் 80 சதவீதம். அவற்றில் குறையற்றவை 684. குவாலிட்டி 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 68.4. உலகத் தரம் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அளவு 85 சதவீதம். இந்த எண்களை வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேச மூன்று தொடர்கள் போதும்: 'வி லாஸ்ட் 45 மினிட்ஸ் டு எ பிரேக்டவுன்'; 'வி ரேன் பிலோ ரேட்டட் ஸ்பீடு'; 'வி ஸ்கிராப்டு 36 பீஸஸ்'. எங்கே இழந்தோம் என்பது ஒவ்வொன்றிலும் தனியாக நிற்பதைக் கவனியுங்கள். வெறும் 68.4 என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. அந்த எண்ணை மட்டும் பலகையில் எழுதித் தொங்கவிடும் வழக்கம் எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

கேள்வி: 'சைக்கிள் டைம்', 'டேக்ட் டைம்', 'லீட் டைம்' என்பவை ஒரே நேரத்தின் வெவ்வேறு பெயர்களா?

பதில்: இல்லை. மேலே கண்ட கணக்கில் 27 விநாடி என்பது சைக்கிள் டைம். இயந்திரம் ஒரு பீஸை முடித்து அடுத்ததை முடிக்க எடுக்கும் நேரம். வாடிக்கையாளர் ஒரு ஷிஃப்டில் 900 பீஸ் கேட்டால், 27,000 விநாடியை 900 ஆல் வகுக்க 30 விநாடி வரும். இது டேக்ட் டைம். ஜெர்மன் மொழியில் 'டாக்ட்' என்பது இசையின் தாளக் கட்டு. முன்னது இயந்திரத்தின் வேகம், பின்னது தேவையின் வேகம். சைக்கிள் டைம் டேக்டைவிடக் குறைவாக இருந்தால் 'வி கேன் மீட் டிமாண்ட்' என்று சொல்லலாம். ஆனால் மேலே கண்டதுபோல இழப்புகள் சேர்ந்தால் அந்த மூன்று விநாடி உபரி போதாது. லீட் டைம் என்பது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்குக் கைக்குப் போய்ச் சேரும்வரை ஆகும் காலம். அது விநாடியில் வராது, நாளிலோ வாரத்திலோ வரும். அதில் பெரும்பகுதி பொருள் வரிசையில் காத்துக்கிடக்கும் நேரமாகவே இருக்கும்.

இதனுடன் 'மேன்-அவர்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1913-இல் ஃபோர்டு நிறுவனம் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தும் உழைப்பு சுமார் பன்னிரண்டரை மணியிலிருந்து 1914-இல் 1 மணி 33 நிமிடமாகக் குறைந்தது. இது எல்லாத் தொழிலாளரின் நேரத்தையும் கூட்டிய மேன்-அவர் கணக்கு. ஒன்றரை மணிக்கு ஒரு கார் வெளிவந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. கார்கள் அதைவிட மிக விரைவாக ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

கேள்வி: கைசன், ஃபைவ் எஸ், போகா-யோகே என்ற சொற்களை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வேண்டுமா? 'சிங்கிள் மினிட்' என்றால் ஒரு நிமிடத்தில் அச்சை மாற்றிவிட வேண்டுமா?

பதில்: அவை ஆங்கிலத்திலும் ஜப்பானியப் பெயரோடுதான் வழங்குகின்றன, அப்படியே சொல்லுங்கள். கைசன் என்பது தொடர்ந்து சிறிது சிறிதாக மேம்படுத்திக்கொண்டே போவது. பணியிடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் முறையான ஃபைவ் எஸ் மட்டும் ஆங்கிலத்தில் சார்ட், செட் இன் ஆர்டர், ஷைன், ஸ்டாண்டர்டைஸ், சஸ்டெயின் என்று மாறிவிட்டது. போகா-யோகே பற்றி ஒரு செய்தி உண்டு. அதன் முந்தைய பெயர் பாகா-யோகே, அதாவது முட்டாளிடமிருந்து காத்தல். அது தொழிலாளரை இழிவுபடுத்துகிறது என்று கண்ட ஷிகியோ ஷிங்கோ, 1960-களில் அதைத் தவறிலிருந்து காத்தல் என்னும் பொருள்தரும் போகா-யோகே என்று மாற்றினார். ஆகவே நீங்களும் 'ஃபூல்-புரூஃப்' என்பதைத் தவிர்த்து 'மிஸ்டேக்-புரூஃப்' என்றே சொல்லுங்கள்.

அதே ஷிங்கோ உருவாக்கியதுதான் எஸ்.எம்.இ.டி.; அதன் விரிவு சிங்கிள் மினிட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் டை. இதில் 'சிங்கிள்' என்பது ஒற்றை இலக்கம். அதாவது பத்து நிமிடத்திற்குள். பழைய பொருளின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய பொருளின் முதல் நல்ல பீஸ் வரை ஆவது 'சேஞ்ச்ஓவர் டைம்'. அச்சைப் பூட்டி முடித்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுபவர்கள், முதல் நல்ல பீஸ் வரும்வரை சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்று பயந்து எதையும் எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

பதில்: பயம் தேவையற்றது, ஹேண்டோவர் குறிப்பில் முழு வாக்கியத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆங்கிலம் பேசுபவர்களே அதில் எழுவாயையும் துணைவினையையும் விட்டுவிடுவார்கள். மாதிரிக்கு ஒன்று: 'லைன் 2 டவுன் 2:10 டு 2:55. இன்ஃபீடு பெல்ட் ஸ்னாப்டு. ரீப்ளேஸ்டு. ரன்னிங் ஸின்ஸ் 2:55. பேரிங் ஸ்டில் நாய்ஸி, ப்ளீஸ் மானிட்டர்.' எது, எப்போது, ஏன், என்ன செய்தோம், இனி எதைக் கவனிக்க வேண்டும் ஆகிய ஐந்தும் இதில் வந்துவிட்டன. கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்தவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வார்.

வாய்ப்பேச்சில் பலருக்கும் தடுமாற்றம் தருவது 'ஃபார்', 'ஸின்ஸ்' என்ற இரண்டும்தான். தமிழில் '-ஆக' வரும் இடத்தில் 'ஃபார்': இருபது நிமிடமாக நிற்கிறது, 'இட் ஹேஸ் பீன் டவுன் ஃபார் 20 மினிட்ஸ்'. '-இலிருந்து' வரும் இடத்தில் 'ஸின்ஸ்': பத்து மணியிலிருந்து நிற்கிறது, 'இட் ஹேஸ் பீன் டவுன் ஸின்ஸ் 10'. மூலப்பொருள் தீரப்போகிறது என்றால் 'வி ஆர் ரன்னிங் லோ ஆன்'. தீர்ந்தே விட்டது என்றால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப்'. முன்னதைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டால் பின்னதைச் சொல்ல வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. 'நைட் டூட்டி ஹேவிங்' என்பதற்குப் பதில் 'ஐ ஆம் ஆன் நைட்ஸ்'. லீவு போடுவதற்கு 'புட்' வேண்டாம், 'டேக்' போதும்.

கேள்வி: 'ஸ்கிராப்', 'ரிஜெக்ட்', 'ரீவொர்க்' ஆகியவற்றில் எதை எங்கே எழுதுவது?

பதில்: சோதனையில் தேறாதது ரிஜெக்ட். அதைச் சரிசெய்ய முடிந்தால் ரீவொர்க், முடியாவிட்டால் ஸ்கிராப். ஆகவே ரிஜெக்ட் என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், பின்னர் அது எந்தப் பக்கம் போனது என்பதையும் எழுத வேண்டும். எந்தத் திருத்தமும் இல்லாமல் முதல் முறையிலேயே தேறியவற்றின் விகிதம் 'ஃபர்ஸ்ட் பாஸ் யீல்டு'.

கேள்வி: மரபுத்தொடர்களைக் கலந்து பேசினால் ஆங்கிலம் சரளமாகத் தெரியுமல்லவா? 'கட் கார்னர்ஸ்' என்பதைச் சிக்கனத்திற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் குறுக்குவழியில் முடிப்பதைக் கண்டிக்கும் தொடர் அது. தணிக்கைக்கு வந்தவரிடம் 'வி கட் கார்னர்ஸ்' என்று பெருமையாகச் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். நீங்கள் எண்ணியது 'வி கட் காஸ்ட்ஸ்' அல்லது 'வி கட் வேஸ்ட்'. பணியிடத்தில் மரபுத்தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்; பேசுவதற்கு எளிய வினைகளே பாதுகாப்பானவை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் அறிவிப்பில் 'ஸ்ட்ரீம்லைனிங்', 'ரைட்சைசிங்' என்ற சொற்கள் வந்துள்ளன. எஃபிஷியன்சியை உயர்த்துவதற்காக என்று எழுதியிருக்கிறார்கள். மகிழ்ச்சி அடையலாமா?

பதில்: 'ஸ்ட்ரீம்லைனிங்' தனியாக வந்தால் நடைமுறைகளை எளிதாக்குவது என்று கொள்ளலாம். 'ரைட்சைசிங்' அருகில் வந்துவிட்டதால், ஆட்குறைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே சரி. இதே வரிசையில் 'லே-ஆஃப்' என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும்: பிரிட்டிஷ், இந்தியச் சட்ட வழக்கில் அது தற்காலிகமாக வேலை தராதிருப்பது; அமெரிக்கப் பேச்சில் பெரும்பாலும் வேலையே போய்விட்டது என்று பொருள். 'ரிடன்டன்ட்' என்றால் அந்தப் பணியிடமே இல்லாமல் போவது. 'ஃபயர்டு' என்றால் அந்த ஆளின் குற்றத்தையோ குறையையோ காட்டி நீக்குவது. பணம், பின்னாளைய வேலை விண்ணப்பம் ஆகிய இரண்டையும் பாதிக்கும் வேறுபாடுகள் இவை. எந்தச் சொல் உங்கள் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு உரிய தொடர் இது: 'குட் யூ கன்ஃபர்ம் தட் இன் ரைட்டிங், ப்ளீஸ்?'